மிதந்த சொட்டு

விழுந்த சொட்டு மூழ்கவில்லை. நீலத் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் இறங்கியது, அங்கேயே நின்றது, பிறகு என்ன நினைத்ததோ மெல்ல மேலே ஏறி வந்து மிதந்தது. செய்யது என்கிற அந்த லேப் தம்பி கண்ணாடிக் குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். "இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்மா" என்று என் விரலைப் பிதுக்கினான். இரண்டாவதும் அப்படியே. மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, கொடுக்கலாம். மிதந்தால் இல்லை, கொடுக்கக் கூடாது. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையனுக்கு அவன் இதைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபடிதான் நின்றேன். அந்தப் பையனுடைய சொட்டு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சில நேரம் இது தப்பாக் காட்டும்மா. மெஷின்ல வெச்சுப் பாத்துருவோம். அப்படி உக்காருங்க, டாக்டரம்மா இப்ப வந்துருவாங்க" என்று செய்யது என் விரலிலிருந்தே இன்னும் கொஞ்சம் ஒரு பட்டையில் தொட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தப்பாகக் காட்டும். அவனே சொல்லிவிட்டான். தப்பாகத்தான் காட்டியிருக்க வேண்டும். நாளைக்குக் காலையில் என் தம்பிக்கு ஆபரேஷன் என்று ஒரு குவளைத் தண்ணீருக்கு என்ன தெரியும்.

தளவாய் மேலே மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறான். கிட்னியில் கட்டி. சித்திரையிலிருந்து சிறுநீரோடு ரத்தம் போயிருக்கிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு உஷ்ணம், எல்லாருக்கும் போகிறதுதான் என்று அவனே வைத்தியனாகி இளநீர் குடித்திருக்கிறான். மடப்பயல். ஆவணியில் டிப்போவில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்தக் கிட்னியை எடுத்துவிட்டால் பிழைப்பான் என்கிறார்கள். எடுப்பதற்கு ரத்தம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தி வைக்க மாட்டார்கள். அவன் லைசென்ஸில் இருபது வருடமாக ஓ பாசிட்டிவ் என்று அச்சடித்திருக்கிறது. ஓ பாசிட்டிவ்காரன் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பான் என்று நிம்மதியாக இருந்தோம். எந்தப் பையை எடுத்து அவன் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் திரிந்துபோனது. பால் திரிகிற மாதிரி என்று இந்த ரத்த வங்கி டாக்டர் ரெஜினா சொன்னார். பிறகுதான் கண்டுபிடித்தார், அது ஓ இல்லை, ஓ மாதிரி வேஷம் போடுகிற வேறொன்று, பம்பாய் குரூப் என்று. "எங்க குடும்பத்துல ஒருத்தரும் கோவில்பட்டியத் தாண்டுனது கெடையாது, பம்பாய் எங்கருந்து வந்துச்சு டாக்டர்" என்று தளவாய் பெண்டாட்டி இசக்கி கேட்டாள். டாக்டர் சிரித்தார். முதலில் அந்த ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயராம். அந்த ரத்தம் உள்ளவனுக்கு அதே ரத்தம்தான் சேரும், வேறு எது ஏற்றினாலும் ஆளே போய்விடுவான். சொந்தக்காரர்கள் பதினைந்து இருபது பேர் வரிசையில் நின்று விரலை நீட்டினோம். எனக்கு மட்டும் அதே ரத்தம். எனக்கு மட்டும். அன்றைக்கு இசக்கி ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் என் காலில் விழுந்தாள்.

"உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார். சொந்தமா என்றால் எப்படிச் சொல்வது. அப்பா கட்டியது அவர் அக்கா மகளை. அந்த அக்கா கட்டியது தாய்மாமன் மகனை. எங்களில் அப்படித்தான், வெளியே பெண் எடுத்தால் அது என்னவோ குறை மாதிரி, மாமனும் அத்தையும் ஒரே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருவார்கள், சொத்தும் வெளியே போகாது சண்டையும் வெளியே போகாது. ரத்தமும் போகவில்லை போலிருக்கிறது. அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாக ஒளிந்துகொண்டிருந்தது எங்கள் இரண்டு பேரிலும் வந்து சேர்ந்துகொண்டது என்று டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி, கடைசியில் எங்கள் ரத்தம் ஊரார் ரத்தத்தை உள்ளே விடாத ரத்தமாகிவிட்டது. இதோ இந்தப் பெஞ்சுக்கு எதிரே நான்கு பையன்கள் கட்டிலில் சாய்ந்து கையில் பந்தை அமுக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். பையில் ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, கெட்டியாக, கறுப்பு கலந்த சிவப்பாக. அவர்கள் ரத்தம் ஊருக்கே சேரும். மேலே மூன்றாவது மாடியில் கிடக்கிறவனுக்கு மட்டும் சேராது. ஒருவன் கட்டை விரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொள்ளடா, ராசா. எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது, வேறு ஒன்றுமில்லை.

மிதந்திருக்கக் கூடாது. என்ன சாப்பிட்டேன் நேற்று. இரண்டு வாழைப்பழம், சாயங்காலம் ஒரு டம்ளர் பால். முந்தாநாள் வெள்ளிக்கிழமை, அதுவும் இல்லை, துளசித் தீர்த்தம். ஆவணியில் அவன் விழுந்த அன்றைக்கே சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், அவன் எழுந்து நடக்கிற வரைக்கும் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். அது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஒற்றை ஆள், யாருக்காக வடித்துக் கொட்டப் போகிறேன். புரட்டாசியில் என் ரத்தம் சேரும் என்று சொன்ன அன்று வீட்டுக்குப் போய் விளக்கேற்றிக் கும்பிட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தனை பேரில் எனக்கு மட்டும் என்றால் அது அம்மன் தந்த பதில் இல்லாமல் வேறென்ன. கேட்டதற்கு அவள் தந்துவிட்டாள், நானும் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டாமா. அந்த ஒரு வேளைச் சோற்றையும் விட்டேன். பழமும் பாலும் மட்டும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் அம்மன் சந்நிதியில் பிரசாதம் வாங்கித்தான் வாயில் அன்னம் என்று சொல்லிக்கொண்டேன். செய்யது அன்றைக்கே சொன்னான், கீரை சாப்பிடுங்கம்மா, ஈரல் சாப்பிடுவீங்கன்னா சாப்பிடுங்க, நல்லாத் தின்னுட்டு வாங்க. காதில் விழுந்தது. ஆனால் தம்பி அப்படிக் கிடக்கும்போது அக்காக்காரி ஈரல் வறுத்துத் தின்பாளா. அப்படித்தான் நினைத்தேன். அம்மனிடம் கொடுத்த வாக்கு முதலில், செய்யது சொன்னது பிறகுதானே. குரூப் பார்க்க அன்றைக்கு ஒரு சொட்டுதான் எடுத்தார்கள். அந்தச் சொட்டை இந்த நீலத் தண்ணீரில் போட்டிருந்தால். போட்டிருந்தால் என்ன, அன்றைக்கும் மிதந்திருக்குமா. இல்லை, அன்றைக்கு ஒரு வேளையாவது சோறு தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வேளை தின்றேன், தின்னவில்லை, அது மட்டும்தானா. ஒன்றரை வருடமாக மாதத்தில் பத்து நாள் எனக்குப் போகிறது. கட்டி கட்டியாக. நாற்பத்தாறு வயது, நிற்கிற வயது, நிற்பதற்கு முன்னால் எல்லாருக்கும் இப்படித்தான் ஆட்டம் காட்டும் என்று இருந்தேன். தளவாயை மடப்பயல் என்று திட்டினேனே, நான் மட்டும் என்ன வாழ்ந்தது. எத்தனை நாள் விடுதிக் குளியலறையில் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தள்ளியிருக்கிறேன். அவ்வளவும் அவனுக்குச் சேருகிற ரத்தம். சாக்கடைக்குப் போனது. சீ, இதையெல்லாம் இங்கே உட்கார்ந்து நினைக்கிறேன். நினைக்காமலும் இருக்க முடியவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, அதை வயது என்றேன். விரல் நகமெல்லாம் வெளுத்துக் குழிந்து போயிருந்தது, அதைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு என்றேன். இதில் வேடிக்கை என்னவென்றால் நான் மாணவியர் விடுதி வார்டன். வியாழக்கிழமை தோறும் அறுபது பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறவள். கொடுத்தால் மட்டும் போதாது, கழுதைகள் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பின்னால் போய்த் துப்பும். அதனால் ஒவ்வொருத்தியாக வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். கண் இமையை இழுத்து வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். முத்துச்செல்வி ஒருநாள், "நீங்க போட மாட்டீங்களாம்மா" என்று கேட்டாள். எனக்கு என்னட்டி குறைச்சல், வாயைத் திற என்றேன். டப்பாவில் மிச்ச மாத்திரை எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடியில் என் இமையை நான் ஒரு தடவைகூட இழுத்துப் பார்த்ததில்லை.

உள்ளே போன செய்யது இன்னும் வரவில்லை. மெஷினுக்கு இவ்வளவு நேரமா. நேரம் ஆகிறது என்றால் நல்லது, திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்றால் சந்தேகம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் எனக்குச் சாதகமாகவும் இருக்கலாம். எவ்வளவு வேண்டும், ஹீமோகுளோபின் பன்னிரண்டரை வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. பதினொன்று இருந்தால் டாக்டர் விட்டுக்கொடுக்க மாட்டாரா. பத்து இருந்தால்கூட. அவருக்கும் தெரியும், இந்த ரத்தம் கடையில் கிடைக்காது. ஈரோட்டில் ஒருத்தர் இருக்கிறார், அவர் போன மாதம்தான் வேறு யாருக்கோ கொடுத்தார், மறுபடி எடுக்க இன்னும் நாளாகும். வேறு எவரும் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வருவார்கள், தளவாய் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். அவன் வகுப்பு டீச்சர் ஆள் அனுப்புவார். நான் போய், முதலில் எனக்குப் போடுங்கள் என்று கையை நீட்டுவேன். எனக்கு ஏற்கெனவே போட்டிருப்பார்கள், அதனால் அந்த நர்சு சும்மா ஊசியைத் தொட்டுவிட்டு எடுப்பார். நான் சிரித்துக்கொண்டே நிற்பேன். அவன் வெளியே வருவான். இன்றைக்குக் காலையில் படுக்கையில் கிடந்தபடி அவன் சொன்னான், "எனக்குப் பயமா இருக்குக்கா. ஆனா நீ கீழ போயிட்டு வந்துட்டேன்னா சரியாயிரும்." அதற்கு நான் என்ன சொன்னேன். தொணதொணக்காமல் கிட என்றேன். கொஞ்சம் நல்ல வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். நல்லதாகப் பேசத் தெரிந்த வாயா இது, எப்போதும் வார்டன் வாய்தான்.

டாக்டர் ரெஜினா வந்தார். செய்யது அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் உட்கார்ந்தபடியே, எவ்வளவு டாக்டர் என்றேன். "எட்டும்மா" என்றார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார், அது இன்னும் பயமாக இருந்தது, டாக்டர்கள் நின்றுகொண்டு சொன்னால் பரவாயில்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், எத்தனை நாள் போகிறது என்று கேட்டார். சொன்னேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். அதையும் சொன்னேன். அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "இது ரெண்டு மாசத்துல வந்தது இல்லம்மா. ரொம்ப நாளா இருந்திருக்கு. நீங்க பட்டினி கிடந்து அதை இன்னும் கீழ தள்ளிட்டீங்க." எனக்குப் பரவாயில்லை டாக்டர், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எழுதித் தருகிறேன் என்றேன். "எடுத்தா நீங்க இங்கயே விழுந்துருவீங்க. எடுத்த ரத்தத்துலயும் பாதி வெறும் தண்ணியாத்தான் இருக்கும், அவருக்கு உதவாது." இப்போதே சாப்பிடுகிறேன், என்ன சொன்னாலும் சாப்பிடுகிறேன், ஈரல், முட்டை, எதுவானாலும், அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன், நாளைக்கு எடுக்கலாமா. இப்படிக் கேட்டது நான்தானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. "ரத்தம் எலும்புக்குள்ள ஊறணும்மா. மருந்து, ஊசி எல்லாம் இன்னைக்கே ஆரம்பிச்சாலும் ரெண்டு மாசம் ஆகும்." ரெண்டு மாசம் அவன் தாங்குவானா என்று கேட்டேன். சென்னைக்கும் மும்பைக்கும் சொல்லியிருக்கிறோம், நாளை ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்றார். தள்ளிவைக்க. எதுவரைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எதிர்க் கட்டிலில் பையனுடைய பை நிறைந்துவிட்டது, மணி மாதிரி ஏதோ ஒன்று அடித்தது, அவனுக்கு பிஸ்கட்டும் ஜூஸும் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அழுகை வரவில்லை. அழுவதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும் போல. நான் பட்டினி கிடந்தேனே, அது யாருக்காக. ஒவ்வொரு நாளும் வயிறு காந்தும்போது, இது தளவாய்க்கு, இது தளவாய்க்கு என்று சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு நாளும் அவனுடைய ரத்தத்தை நான்தான் குறைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பு என்று நினைத்தேன். புரட்டாசியிலிருந்து அது என் உடம்பு இல்லை, அவனுடைய பை. அதைப் பட்டினி போட எனக்கு யார் உரிமை கொடுத்தது. அம்மனைச் சொல்லலாமா. அவள் கேட்டாளா என்னிடம், சோற்றை விடு என்று. நானாகத்தான் விட்டேன். அவள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டாள், அத்தனை பேரில் ஒருத்திக்கு, கையில் வைத்துக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம். எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்துக்கு இந்தச் சுவரில் மண்டையை மோதலாம், அதிலும் ரத்தம் வீணாகும்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா. நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்றார் டாக்டர். உங்கள் மாதிரி ரத்தம் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை, ஒரு சின்னக் குழாய் அளவு கொடுத்தால் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வோம். அதை வைத்து அடுத்தவர்களைச் சோதித்துப் பார்க்கலாம், ஓ என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்களில் இப்படி யாராவது இருந்தால் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், உங்கள் தம்பியை மாதிரி கடைசி நேரத்தில் தவிக்க வேண்டாம். "அஞ்சு மில்லிதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." அந்த அஞ்சு மில்லியைத் தளவாய்க்குக் கொடுங்களேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது காணாதும்மா அவருக்கு." ஆராய்ச்சிக்குக் காணும். தம்பிக்குக் காணாது. நல்ல பெண்தான் அவர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, முகத்தில் கூச்சம் இருந்தது. எங்கோ ஒரு ஊரில் எவனோ ஒருவன் என் ரத்தத்தால் பிழைக்கப் போகிறான், அவன் பெயர் எனக்குத் தெரியாது, அவனுக்கும் என் பெயர் தெரியாது. பிழைக்கட்டும். அவன் மேல் எனக்கு என்ன கோபம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன். செய்யது முழங்கை மடிப்பில் குத்தினான், முதல் தடவை நரம்பு சிக்கவில்லை, இரண்டாவதில் வந்தது. குழாயில் ஏறியது சிவப்பாகத்தான் இருந்தது. பார்க்க நல்ல ரத்தம் மாதிரிதான் இருந்தது. பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினான், மடக்கிப் பிடிச்சுக்கோங்கம்மா என்றான், குழாயில் ஒரு சீட்டு ஒட்டி, பத்திரமாக இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனான். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர், மேலே வார்டில் நானே வந்து சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சொல்லிக்கொள்கிறேன். எப்படி. முதல் மாடி வரைக்கும், தம்பி, சின்னச் சிக்கல் என்று ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சிக்கல் என்ற வார்த்தையே வேண்டாம், இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கிறது என்று சொல்லலாம் என்று தோன்றியது. முதலில் இசக்கியை வெளியே கூப்பிட்டு அவளிடம் சொல்லலாம். அவள் என் காலில் விழுந்தாளே, அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது. அவனிடமே சொல்லிவிடலாம், நேராக, வார்டன் மாதிரி, என்னிடம் ரத்தம் இல்லையடா என்று. திட்டமாட்டான். திட்டினால்கூடத் தேவலை. விட்டுத் தள்ளுக்கா என்பான், அதைத்தான் கேட்க முடியாது. காதுக்குள் இரைச்சலாக இருந்தது. படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏறினேன். மூன்றாவது மாடி வந்தபோது சொல்வதற்கு ஒரு வாக்கியம்கூடக் கையில் இல்லை. வார்டுக்குள் போனேன். தளவாய் தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தான். பிளாஸ்திரியைப் பார்த்தான். ஆவணிக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"எடுத்துட்டாங்களாக்கா?"

"எடுத்தாங்க" என்றேன். பொய் இல்லை.

"வலிச்சுதா?"

"இல்லடே."

"நெறைய எடுத்தாங்களோ?"

"கொஞ்சந்தான்."

இசக்கி கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். அவள் பார்த்தது பிளாஸ்திரியை இல்லை, என் முகத்தை. என்ன மைனி என்று உதடு மட்டும் அசைந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மொகம் என்னமா வெளுத்துப் போச்சு பாரு இவளுக்கு" என்றான் தளவாய். "ஏ இசக்கி, அந்தப் பால எடுத்து அக்காகிட்ட குடு. ரத்தம் குடுத்துட்டு வெறும் வயித்தோட நிக்கக் கூடாது."

காலையில் வார்டில் அவனுக்கு ஊற்றின பால். எனக்காக மூடி வைத்திருக்கிறான். உனக்கு வந்ததுடே, நீ குடி என்றேன்.

"எனக்கென்ன, நாளைக்கு உன் ரத்தமே உள்ள ஏறப்போவுது. விரதம் கிரதம்னு சொல்லாத. அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா. குடிக்கா."

இசக்கி டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நான் குடிப்பதை அவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பால் ஆறிப்போயிருந்தது. அவனுடைய பாலைக் கடைசி வரைக்கும் குடித்தேன்.